கோட்டுக்காரன் பேத்தி

இல்லைக்கா, நான் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. கோத்தகிரி. ஆனால் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன். துறையூரிலிருந்து உள்ளே போக வேண்டும், ஓடக்கரைப்பட்டி. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், சின்ன ஊர். நானே முதல் தடவையாக இன்றைக்குத்தான் பார்த்தேன். ஆமாம், சொந்த ஊரை இருபத்து நாலு வயதில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பையை இப்படி வையுங்கள், எனக்கு இடம் இருக்கிறது. நீங்கள் நாமக்கல் வரைக்கும்தானே?

நான் யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை. எம்.ஏ. வரலாறு படித்தபோது கூடப் படித்த பாதிப் பேருக்கு என் குரலே தெரியாது. 'உள்ளேன்' என்று சொல்வதோடு சரி. இன்றைக்கு என்னவோ பேச வேண்டும் போல் இருக்கிறது. நல்ல காரியம் முடிந்து திரும்புகிறேன் இல்லையா, அதனால் இருக்கும்.

என் கல்யாணக் காரியம்தான்.

மாப்பிள்ளை நான் வேலை பார்க்கிற பள்ளியிலேயே கணக்கு வாத்தியார். ஜெகதீசன் என்று பெயர். அவரும் என்னைப் போலத்தான், பேச்சு வராது. ஒரு வருஷம் ஸ்டாஃப் ரூமில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தோம், மூடினோம். அப்புறம் ஒருநாள், "வீட்ல சொல்லவா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவர்கள் ஈரோட்டுப் பக்கம், வசதியான குடும்பம். அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்கள்.

"பொண்ணு புடிச்சிருக்குங்க. நம்ம ஆளுங்கன்னு சொல்றீங்க, சந்தோஷம். ஆனா நீங்க சிலோன்லருந்து வந்தவங்க. வாயால சொன்னா போதுமா? ஊரு எது, குலசாமி எது, பங்காளிங்க யாரு, அத மட்டும் காட்டிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல. நகைகூட வேண்டாம்."

நகைகூட வேண்டாம் என்றார்கள் அக்கா. இந்தக் காலத்தில் யார் அப்படிச் சொல்வார்கள்?

எங்கள் சாதி தாத்தா வாயால் சொன்னதுதான். அப்பாவை மலையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது சொன்னது. அதுதான் சர்டிபிகேட்டிலும் இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர்கள் கிளம்பிப் போனதும் அப்பா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான்தான், "வரலாறு படிச்சவ நான் எதுக்குப்பா இருக்கேன், நான் கண்டுபிடிக்கிறேன்" என்றேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், சொன்னால் அன்றைக்கே பூ வைக்க வருவார்கள் என்று கெடு. சொல்லாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அதை அவர்கள் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

தாத்தாவைச் சிலோனிலிருந்து பிடித்து அனுப்பினார்கள். எங்கள் காலனி முகப்புப் பலகையில் 'தாயகம் திரும்பியோர் குடியிருப்பு' என்று இருக்கும். சின்ன வயதிலேயே எனக்கு அது இடிக்கும். தாத்தா அங்கேயே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவர். திரும்புவது என்றால் முன்னால் இங்கே இருந்திருக்க வேண்டாமா? இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதில் தாத்தா இந்தியாவின் பங்கு. பாட்டி சிலோனின் பங்கு. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்தவர்கள்.

தாத்தா போக மாட்டேன் என்று இருந்திருக்கிறார். கெடு தாண்டிவிட்டது. ஒருநாள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக் களத்துக்கே போலீஸ் வந்துவிட்டது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு நின்றவரை அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள். அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை என்று அவரையும் சேர்த்துத் தூக்கிப் போட்டார்கள். பாட்டி மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வருவதற்குள் ஜீப் போய்விட்டது. குளிருக்குத் தாத்தா போட்டிருந்தது துரை ஒருவர் எப்போதோ கொடுத்த பழைய கோட்டு. அந்தக் கோட்டோடுதான் கப்பல் ஏறினார். சில வருஷம் பாட்டியிடமிருந்து கடிதம் வந்ததாம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

நினைத்துப் பாருங்கள் அக்கா. ஒரு மனுஷன் நின்றுகொண்டிருக்கிற இடத்திலேயே வந்து, 'நீ எங்களைச் சேர்ந்தவன் இல்லை' என்று சொல்வது. எப்படி மனசு வரும் அதைச் சொல்கிறவர்களுக்கு? என் எம்.ஏ. கட்டுரையில் இதைத்தான் எழுதினேன். பேராசிரியர் நன்றாக இருக்கிறது என்றார்.

அப்புறம் தாத்தா மண்டபம் முகாமிலிருந்து நேரே இந்த ஓடக்கரைப்பட்டிக்குத்தான் வந்திருக்கிறார். தாத்தாவின் தகப்பனாரைச் சிலோன் தோட்டத்துக்குக் கூலிக்குக் கூட்டிப் போன ரெங்கசாமிக் கங்காணியின் ஊர் இது. ஒரு மழைக்காலம் மட்டும் இருந்துவிட்டு மலைக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். அப்பாவுக்குப் பத்தொன்பது வயதாகும்போது தாத்தா இறந்துவிட்டார். ஆக இந்த ஊரைப் பற்றி எங்களிடம் இருந்தது அப்பாவின் ஆறு வயது ஞாபகம் மட்டும்தான்.

அந்த ஞாபகம் ரொம்பத் தெளிவானது. பெரிய வீடு. சிவப்பு வழவழப்புப் படி. படிக்கு மேலே ஓர் அம்மாள் நிற்கிறாள், மூக்குத்தி மினுங்குகிறது. "குடிக்கிறியாடா குட்டி?" என்கிறாள். அப்பா படிக்குக் கீழே நின்று இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்கிறார். அவள் சொம்பிலிருந்து மோர் ஊற்றுகிறாள். உயரத்திலிருந்து, அருவி மாதிரி. கையெல்லாம் வழிந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் போகிறது. அப்பா சிரித்துக்கொண்டே குடிக்கிறார். "ஒரு டம்ளர்ல குடுத்துட்டுப் போயிருக்கலாம், தன் கையால ஊத்துனாங்கம்மா, பாசம்" என்று அப்பா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் தெரியுமா? அவருக்கு அம்மா இல்லாமல் போன வருஷம் அது. அந்த மோரைத்தான் இத்தனை வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். பெரிய வீட்டு வகையறாதான் நாம் என்று அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தச் சில மாதம் எங்கோ கூரைக் கொட்டகையில் படுத்திருந்ததாகவும் சொல்வார். அது முகாமாக இருக்கும்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டி ஊற்றியிருக்கிறாள். கிராமத்தில் அப்படியெல்லாம் செய்வார்கள்தானே.

சரி. காலையில் போய் இறங்கினேன். பெரிய வீடு எது என்று கேட்க வேண்டியதே இல்லை. அப்பா சொன்ன அதே சிவப்புப் படி. ஓர் அம்மாள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கங்காணியின் பேரன் மனைவி. பையன் ஒருவன் பைக் துடைத்துக்கொண்டிருந்தான், அவர்களுடைய மகன். நான் படியில் கால் வைத்தேன்.

"அங்கயே நில்லும்மா. இப்பத்தான் கழுவி விட்டுருக்கு."

வழுக்கிவிடும் என்று. நின்றுகொண்டேன். சிலோனிலிருந்து வந்த குடும்பம் என்றேன். கங்காணி அய்யா காலத்துச் சொந்தம் என்றேன். அந்த அம்மாளின் முகம் மாறிப்போனது.

"சிலோன்லயா? எங்க பாட்டனாருக்கு அங்க ஒரு குடும்பம் இருந்துச்சுன்னு பேச்சு உண்டு. அந்த வழியா? சொத்து கித்து கேட்டு வந்திருக்கியா?"

"ஐயோ இல்லைங்க. கருப்பண்ணன்னு எங்க தாத்தா. எழுபத்து நாலுல இங்க வந்து கொஞ்ச நாள் இருந்தாரு. நல்லான் அவருக்கு அப்பா."

"கருப்பண்ணனா?" அந்த அம்மாள் மகனைப் பார்த்தார்கள். பிறகு அப்படி ஒரு சிரிப்பு. மிளகாய்க் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்கள். "டேய், நம்ம கோட்டுக்காரன் பேத்திடா இது!"

"எந்தக் கோட்டுக்காரன்? தாத்தா கதையா சொல்வாரே, அந்த நாற்காலிக்காரனா?"

"அவனேதான். கோட்டுக்காரன் பேத்தி, காலேஜு படிச்ச பொண்ணாட்டம் இருக்கு. காலம் பாத்தியா!"

இத்தனை வருஷம் கழித்தும் தாத்தாவை ஞாபகம் வைத்திருந்தார்கள் அக்கா. செல்லப் பெயரோடு. எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. வெயிலாக இருக்கிறது என்று என்னைக் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். மாடு கட்டுகிற இடம், நல்ல நிழல். டீ வந்தது. அவர்கள் இரண்டு பேரும் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்கள். எனக்கு மட்டும் புதுப் பேப்பர் கப். பாக்கெட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார்கள். சுத்தம் பார்க்கிற குடும்பம்.

"எந்தத் தெரு ஆளுன்னு சொல்லிக்கிறீங்க அங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்கள்.

"இதே தெருதாங்க. உங்க வகையறான்னு அப்பா சொல்வாரு."

இந்தத் தடவை அவர்கள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"நல்லா இருக்கே! அப்படியா சொல்லிக்கிட்டுத் திரியறீங்க? அங்க போய்ச் சொல்லிக்க, யாரு வந்து பாக்கப்போறா. இங்க வந்து சொல்லாத. தெக்கால போ. டேங்க் தாண்டி. உங்க சனம் அங்கதான் இருக்குது."

பழைய பங்காளிச் சண்டை ஏதோ மனசில் இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். சொத்துப் பயமும் இருக்கும். அதெல்லாம் தலைமுறைக்கும் போகாது அக்கா. படியோடு சேர்த்து வீட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். "எடுத்துக்க, அதுக்கென்ன" என்றான் அந்தப் பையன். தெருக்கோடியில் அவர்களுடைய குலசாமி கோயில், புதுக் கோபுரம், நல்ல வண்ணம். பூட்டியிருந்தது. வெளியில் நின்றே எடுத்தேன். இரண்டு படத்தையும் அப்பாவுக்கு அனுப்பினேன். அப்படியே ஜெகதீசனின் அம்மாவுக்கும் அனுப்பினேன்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் தெற்கே போகச் சொல்லியிருக்கிறார்கள், போகாமல் வந்தால் மரியாதையாக இருக்குமா? அதற்காகத்தான் போனேன்.

தண்ணீர் டேங்கைத் தாண்டியதும் காலனி. ஒருவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த குழை கீழே விழுந்தது.

"ரத்தினம் மவளா நீ?"

அப்பா பெயர் ராஜரத்தினம். அந்த அம்மாள் போன் செய்து சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா பெயரை நான் அங்கே சொல்லவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"செல்லாயி! ஏய் செல்லாயி! யாரு வந்திருக்கான்னு பாரு! சித்தப்பன் மூக்கு அப்படியே இருக்குது பாரு! வா தாயி. உள்ள வா. நான் உனக்குப் பெரியப்பன். அங்கமுத்து. உங்க தாத்தனுக்கு நேர் அண்ணன் பழனியாண்டி, அவரு மவன்."

அவர் சொன்னது இதுதான். என் கொள்ளுத்தாத்தா நல்லான் கங்காணியோடு கப்பலேறும்போது மூத்த பிள்ளையை இங்கே தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாராம். அந்தப் பிள்ளைதான் பழனியாண்டி. சிலோனில் பிறந்த தம்பிதான் எங்கள் தாத்தா. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் முதலில் பார்த்ததே நாற்பது வயதுக்கு மேல், தாத்தாவைப் பிடித்து அனுப்பிய பிறகுதானாம்.

அவர் மனைவி செல்லாயி லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்க் கலர் வாங்கி வந்தார்கள். நான் வழியில் குடித்துவிட்டேன் என்றேன். நிஜமாகவே டீ குடித்திருந்தேன் இல்லையா? நான் யாரிடமும் வித்தியாசம் பார்க்கிறவள் இல்லை அக்கா. பள்ளியில் எல்லாப் பிள்ளைகள் டப்பாவிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுவேன், கேட்டுப் பாருங்கள்.

"ரத்தினத்துக்கு இடக்கை சுண்டுவெரலு இன்னும் வளையாமத்தான் இருக்குதா?" என்று கேட்டார். "நாந்தான் தாயி காரணம். ஓடிப்புடிச்சு வெளையாடறப்ப பெட்டி மூடிய சாத்திப்புட்டேன். அவன் அழுவவே இல்ல. சித்தப்பன் அடிப்பாருன்னு என்னைய காட்டிக்குடுக்கவே இல்ல."

அப்பாவுக்குச் சுண்டுவிரல் வளையாதுதான். சிலோனில் அடிபட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். விரல் வளையாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதை வைத்து என்ன சொல்ல முடியும்? வரலாற்றில் அதையெல்லாம் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

கோட்டுக் கதையையும் அவர்தான் சொன்னார். தாத்தா இங்கே வந்து இரண்டு மாதம் பெரிய வீட்டுப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறார். தோட்டத்தில் கங்காணி அய்யாதான் எல்லாருக்கும் தாய் தகப்பன். அவர் ஊருக்கு வந்துவிட்டு அவர் வீட்டில் தலைகாட்டாமல் இருந்தால் எப்படி என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அண்ணன், "அங்கெல்லாம் போவாதடா, போனாலும் கீழ நின்னு குரல் குடு" என்றிருக்கிறார். தாத்தா ஒருநாள் குளித்து, கோட்டைப் போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, நேரே அந்தச் சிவப்புப் படியில் ஏறி, உள்ளே கூடத்துக்குப் போய், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "அய்யா சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டாராம்.

அங்கமுத்து இதைச் சொல்லும்போது சிரித்தார் அக்கா. அவர் மனைவியும் சிரித்தார்கள். "இன்னிக்கு வரைக்கும் அந்த ஊட்டுப் படிய நம்ம சனத்துல மிதிச்சது அவரு ஒருத்தருதான்" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"கோட்ட கழட்டச் சொல்லி அடிச்சாங்க. கழட்ட மாட்டேன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னுருக்காரு. கிழிச்சுத்தான் எடுத்தாங்க. நாற்காலிய தெருவுல போட்டு எரிச்சாங்க. அப்பறம் எங்கப்பன இழுத்துட்டுப் போனாங்க, தம்பிக்குப் புத்தி சொல்லலன்னு. அந்த அடியில எங்கப்பனுக்கு ஒரு காது போயிருச்சு. மறாநா விடியறதுக்குள்ள சித்தப்பன் ரத்தினத்தத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. தன்னால அண்ணனுக்கு இப்படி ஆயிருச்சேன்னு மொகத்தக்கூடப் பாக்கல. எங்கப்பன் சாவறவரைக்கும் பஸ்சு சத்தம் கேட்டா எந்திரிச்சு வெளிய வருவாரு. இருந்த ஒரு காதையும் அந்தப் பக்கமா திருப்பி வச்சுக்கிட்டு நிப்பாரு."

கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தாத்தா நேரே கூடத்துக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வேற்று ஆள் அப்படி உட்காருவாரா? உரிமை இருந்தால்தானே உட்கார முடியும்? சொந்தத்துக்குள் அடித்துக்கொள்வது எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அந்தக் கோபத்தில்தான் தாத்தா பேசாமலே போயிருக்கிறார். அங்கமுத்துவின் அப்பா ஏதோ இடம் கொடுத்துத் தங்கவைத்திருப்பார். நல்ல மனுஷன். அதனால் அடி வாங்கியிருப்பார். காலப்போக்கில் அவர்களே சொந்தம் என்று நம்ப ஆரம்பித்திருப்பார்கள். வாய்மொழி வரலாற்றில் இது சகஜம். படித்திருக்கிறேன்.

அப்படித்தானே அக்கா?

பிறகு என்னைக் காலனிக்குத் தெற்கே ஓர் ஊசிலமரத்தடிக்குக் கூட்டிப் போனார். கோயில் என்று ஒன்றும் இல்லை. மூன்று செங்கல் நட்டு, எதிரே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தது. சட்டி முதுகில் ஒரு கை உப்பு. "இதான் தாயி நம்ம சாமி. உப்பு மட்டுந்தான் கேக்கும். ஆடியில ஒரு கை வச்சுட்டாப் போதும்" என்றார்.

எங்கள் வீட்டிலும் ஆடியில் அப்பா சட்டியைக் கவிழ்த்து உப்பு வைப்பார். ஏன் என்று கேட்டால் தாத்தா வைப்பார், நானும் வைக்கிறேன் என்பார். மலையில் வேறு எந்த வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. தாத்தா ஒரு மழைக்காலம் இங்கே இருந்தார் இல்லையா, பார்த்துப் பழகியிருப்பார்.

கும்பிட்டுக்கொள்ளச் சொன்னார். கை கூப்பினேன். யார் சாமியாக இருந்தாலும் கூப்புவேன்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் வந்தால் ஏமாற்றின மாதிரி ஆகிவிடும். "நீங்க தப்பா நினைச்சிட்டு இருக்கீங்க. நாங்க வேற. நாங்க பெரிய வீட்டு வகையறா. அப்பாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வகுப்பில் ஒரு நாளும் அப்படித் திடமாக வந்ததில்லை.

செல்லாயிதான் வெடித்தார்கள். "ஏன் தாயி, எங்க மூஞ்சில என்ன ஒட்டியிருக்குது? உங்க தாத்தன் ஒக்காந்ததுக்கு எங்க மாமனாரு காதக் குடுத்தாரே, அந்தக் காது எந்த வகையறா? பெரிய ஊட்டுல அத ஊறுகா போட்டா வச்சிருக்காங்க?"

"விடு செல்லாயி."

"என்னத்த விடறது? ஒரு வாய் கலரு குடிக்கல அவ!"

"விடுன்னேன்ல." அவர் என்னைப் பார்த்தார். "கல்யாணம் கூடியிருக்குதா தாயி?"

எப்படித் தெரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன். ஈரோடு, மாப்பிள்ளை வாத்தியார், வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவார்கள், குலசாமியும் பங்காளியும் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் சொன்னேன். ஆடு கத்திக்கொண்டே இருந்தது. பிறகு என் பையைத் தூக்கிக்கொண்டார். "வா, பஸ்சு ஏத்தி விடறேன்."

டேங்க் வரைக்கும் என் பக்கத்தில் நடந்து வந்தார். என் படிப்பைக் கேட்டார், அப்பா ரொம்பச் சிரிப்பாரா என்று கேட்டார், தாத்தாவை எங்கே புதைத்தோம் என்று கேட்டார். டேங்க் தாண்டியதும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. பெரிய வீட்டுப் பையன் பைக்கைச் சாய்த்து நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தான், கூட நாலைந்து பேர். அந்த நேரம் பார்த்து ஜெகதீசனின் அம்மா போன் செய்தார்கள். டீக்கடைப் பாட்டுச் சத்தத்தில் காது கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"படமெல்லாம் பாத்தேம்மா. நல்ல பெரிய வீடு, கோயிலும் லட்சணமா இருக்கு. எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு. வெள்ளிக்கெழம வந்துடறோம். முத பத்திரிக குலசாமிக்குத்தானே, அப்ப நாங்களும் உங்ககூட வர்றோம். உங்க பங்காளி வீட்ல ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்தாப் போதும்."

நான் சரிங்கத்தை, சரிங்கத்தை என்றேன். அத்தை என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன். அந்தப் பையன் பைக்கில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான்.

"என்ன அங்கமுத்து, கோட்டுக்காரன் பேத்திய கண்டுபுடிச்சுட்டியா? உங்க சனம்தான?"

போன் கையிலேயே இருக்கிறது. அணைக்கவில்லை.

அங்கமுத்து என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"இல்லீங்க சாமி," என்றார், நன்றாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இவங்க வேற. அந்தக் கோட்டுக்காரனுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க. பெரிய எடத்துப் பொண்ணு, வழி தெரியாம நம்ம பக்கம் வந்துட்டாங்க. கொண்டாந்து விட வந்தேன்."

"யாரும்மா அது பேசறது?" என்று போனில் கேட்டார்கள்.

"பை தூக்கிட்டு வந்தவருங்கத்தை" என்றேன்.

அவ்வளவுதான். பஸ் வந்தது. பையை உள்ளே வைத்தார், என் கை படாமல். "பாத்துப் போங்கம்மா" என்றார். அதுவரைக்கும் நீ, தாயி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்ப நேரமானது, டிரைவர் டீ குடித்தார். அவர் போகவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையை மடித்து, குனிந்து, அந்த வெயிலில் பஸ் நகரும்வரை நின்றார். அந்தப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. அவர்கள்தான் தவறாக நினைத்திருக்கிறார்கள். அவரே வாயால் சொல்லிவிட்டார், இத்தனை பேர் முன்னால். சொந்தப் பெரியப்பா என்றால், தம்பி மகளுக்கு முன்னால் அப்படிக் குனிந்து நிற்பாரா? நீங்களே சொல்லுங்கள் அக்கா, நிற்பாரா?